கவர்மெண்ட் ஜாமீன் நிக்கது யாருக்கு? பத்திரம் இல்லாம தொழில் லோன் வாங்குத கதை

"இந்த லோனுக்கு கவர்மெண்டே கேரண்டி போட்டிருக்குல்லா, அப்போ நம்ம கட்டாட்டாலும் அவ்வோ பாத்துக்கிடுவாவல்லா?"

போன வாரம் ஆபீஸுக்கு வந்த ஒரு அண்ணாச்சி இப்படி கேட்டாரு, கேட்டது மட்டுமில்ல, லாட்டரி விழுந்த மாதிரி ஒரு சிரிப்பு வேற. நான் பாளையங்கோட்டையில ஒரு அக்கவுண்ட்ஸ் ஆபீஸ்ல இருக்கேன், ஜிஎஸ்டி, ஐடி ரிட்டர்ன், பேங்குக்கு ப்ராஜெக்ட் ரிப்போர்ட்னு நாள் பூரா அதே சோலிதான், இந்தக் கேள்விய மாசத்துக்கு ரெண்டு பேராவது கேக்காவ. அண்ணாச்சிக்கு நான் சொன்ன பதில் சின்னதுதான். கேரண்டி பேங்குக்கு, கடன் ஒங்களுக்கு. அவரு சிரிப்பு அங்கனயே நின்னு போச்சு.

நம்மூர்ல ஜாமீன் கையெழுத்துன்னா எல்லாருக்கும் தெரியும். மச்சான் வண்டி எடுப்பான், நீ கையெழுத்து போடுவ, அவன் மூணு மாசம் கட்டிட்டு கேரளாவுக்கு கெளம்பிருவான், ஃபைனான்ஸ்காரன் ஒன் வீட்டு வாசல்ல வந்து நிப்பான். எள்ளுதான் எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை எதுக்குக் காயுதுன்னு ஆச்சி சொல்லுவா, ஜாமீன் போட்டவன் நெலம அதுதான். கவர்மெண்ட் கேரண்டியும் அடிப்படையில அதே சங்கதிதான், ஒரே வித்தியாசம், காயுத எடத்துல ஒன் மாமனோ சித்தப்பாவோ இல்லாம ஒரு டிரஸ்ட் நிக்கி. அதுவும் சும்மா நிக்கல, ஃபீஸ் வாங்கிட்டு நிக்கி.

இத ஒழுங்கா சொல்லணும்னா எங்க அத்தான் கதையில இருந்து ஆரம்பிக்கணும். அத்தான் பேட்டையில லேத் பட்டறை வச்சிருக்காரு, பம்ப் செட்டுக்கு ஷாஃப்ட், புஷ், அப்புறம் ரைஸ் மில்காரங்க கொண்டு வார சில்லறை வேல, பதினஞ்சு வருசமா ஓடுது. பழைய லேத்துல ஒரு பீஸ் செய்யுத நேரத்துல கம்ப்யூட்டர்ல ஓடுத சிஎன்சி மெஷின் வச்சிருக்கவன் பத்து பீஸ் இறக்கிருதான், அப்புறம் எவன் இவருகிட்ட வருவான், அதனால சிஎன்சி ஒண்ணு வாங்கணும்னு ரெண்டு வருசமா தூங்கல. கொட்டேஷன் 24 லட்சம். கையில அங்கன இங்கன பெரட்டி 6 லட்சம் இருக்கு, பேங்க்ல இதத்தான் மார்ஜின்ம்பாங்க. மிச்சம் 18 லட்சம் லோன் வேணும்.

நானும் கூடப் போனேன். மேனேஜர் நல்ல மனுசன்தான், காப்பியெல்லாம் சொன்னாரு, மூணு வருச பேலன்ஸ் ஷீட்ட பொறட்டிப் பாத்தாரு, ஜிஎஸ்டி ரிட்டர்ன் பாத்தாரு, எல்லாம் சரின்னு தலைய ஆட்டிட்டு கடைசியில கேட்டாரு பாருங்க.

"வீட்டுப் பத்திரம் யாரு பேருல இருக்கு?"

"எங்க தாத்தா பேருல சார்."

"அவர வரச் சொல்ல முடியுமா?"

"அவரு போயி இருவத்திரெண்டு வருசம் ஆவுது சார்."

டவுன்ல ரதவீதிக்குப் பின்னால இருக்குத வீடு, மூணு கட்டு, நல்ல வெல போவும், ஆனா பாகப்பிரிவின ஆவல, வாரிசு அஞ்சு பேரு, அதுல ஒரு அத்தை பம்பாய்ல, ஒரு கல்யாணத்துல பந்தியில ஒக்கார வைக்கலன்னு கோவிச்சிட்டுப் போனவ இன்னும் பேசல. அந்தக் கையெழுத்து வாங்குததுக்கு பதிலா சிஎன்சி மெஷின அத்தானே கையால செஞ்சிரலாம். நம்ம திருநவேலி சைடுல பாதிப் பேரு நெலம இதுதான், சொத்து இருக்கும், ஆனா பேங்குக்கு காட்டுத மாதிரி பத்திரம் இருக்காது.

பேங்க் ஏன் இப்படி பத்திரம் பத்திரம்னு நிக்கின்னு நெறய பேருக்கு கோவம். அவன் எடத்துல இருந்து பாத்தா கொஞ்சம் புரியும். பெரிய கம்பெனின்னா ரேட்டிங் இருக்கும், ஆடிட் இருக்கும், பேப்பர்ல செய்தி வரும். அத்தான் பட்டறையில நாளைக்கு வேல வருமா வராதான்னு மேனேஜருக்கு எப்படி தெரியும், பாதி கணக்கு அத்தான் தலைக்குள்ள இருக்கு, மீதி செவத்துல சாக்பீஸ்ல எழுதி இருக்கு. தெரியாத ஆளுக்கு வட்டிய ஏத்தி குடுத்தா சரியாப் போவும்லான்னு கேக்கலாம். போவாது. வட்டி ஏற ஏற நிதானமா தொழில் பண்ணுதவன் 'நமக்கு வேண்டாம் சாமி'ன்னு ஒதுங்கிருவான், எப்படியும் கட்டப் போறதில்லன்னு இருக்கவன்தான் என்ன வட்டின்னாலும் சரின்னு வந்து நிப்பான். இத 1981-லயே ஸ்டிக்லிட்ஸ், வைஸ்னு ரெண்டு பொருளாதாரக்காரங்க கணக்கு போட்டு காட்டிட்டாங்க, ஆனா நம்மூர் வட்டிக்கடைக்காரருக்கு இது அதுக்கு நூறு வருசம் முன்னாலயே தெரியும். அதனால பேங்க் வட்டிய ஏத்தாம கதவ சாத்துது. பத்திரம் இருக்கவனுக்கு மட்டும் தொறக்குது.

அந்தக் கதவ கொஞ்சம் தொறக்கத்தான் கேரண்டி.

நம்ம நாட்டுல இதுக்கு முக்கியமான டிரஸ்ட் சிஜிடிஎம்எஸ்இ. பேரு வாயில நொழையாது, குறு சிறு தொழில்களுக்கான கடன் உத்தரவாத டிரஸ்ட்னு வச்சிக்கிடுங்க. 2000-ம் வருசம் மத்திய அரசும், சிறு தொழிலுக்குன்னே இருக்குத சிட்பி பேங்கும் சேர்ந்து ஆரம்பிச்சது, அரசு நாலு பங்கு போட்டா சிட்பி ஒரு பங்கு. ஆரம்பத்துல கொஞ்ச லட்சம் வரைக்கும்தான், பொறவு 50 லட்சம், 1 கோடி, 2 கோடின்னு கூட்டிக் கூட்டி, 2023 ஏப்ரல்ல 5 கோடி ஆச்சு, 2025 ஏப்ரல்ல இருந்து 10 கோடி.

இங்கன ஒண்ண நல்லா மனசுல வாங்கிக்கிடணும். இந்த டிரஸ்ட் யாருக்கும் லோன் குடுக்காது. நீங்க டிரஸ்ட் ஆபீஸ் இருக்குத மும்பைக்கு டிக்கெட் போட்டுப் போயி எனக்கு ஒரு கேரண்டி தாங்கன்னு கேக்கவும் முடியாது. பேங்க் ஒங்க தொழிலப் பாத்து, இவனுக்கு குடுக்கலாம்னு முடிவு பண்ணி, சாங்ஷன் பண்ணி, அப்புறம் அவனே டிரஸ்ட்கிட்ட அந்த லோன பதிவு பண்ணுவான். "கேரண்டி வாங்கித் தாரேன், அஞ்சாயிரம் குடுங்க"ன்னு எவனாவது போன் பண்ணுனா அது களவாணித்தனம், போன வச்சிருங்க.

சரி, கணக்குக்கு வருவோம். அத்தான் லோன் 18 லட்சம். இந்த சைஸுக்கு டிரஸ்ட் முக்காவாசி, அதாவது 75 சதவீதம் பொறுப்பேத்துக்கிடும். குறுந்தொழில்ல 5 லட்சத்துக்கு உள்ள வாங்குனா 85 சதவீதம், பொம்பளைங்க பேருல தொழில்னா அதுக்கும் கூடுதல் சலுகை உண்டு. இதுக்கு வருச ஃபீஸ் இருக்கு, 10 லட்சம் வரைக்கும் 0.37 சதவீதம், 10-ல இருந்து 50 லட்சம் வரைக்கும் 0.55. முழு 18 லட்சத்துக்கு போட்டாக்கூட மொத வருசம் 9,900 ரூவா, அது மேல ஜிஎஸ்டி. அடுத்தடுத்த வருசம் பாக்கி எவ்வளவு நிக்கோ அதுக்குத்தான், அதனால கொறைஞ்சிட்டே போவும். இந்த ஃபீஸ பேங்க் தன் கையில இருந்து கட்டலாம், ஆனா அநேகமா எல்லாரும் ஒங்க அக்கவுண்ட்ல இருந்துதான் எடுப்பாங்க. ஸ்டேட்மெண்ட்ல திடீர்னு ஒரு வரி வந்து நிக்கும், அதப் பாத்துட்டு பாதிப் பேரு எனக்கு போன் போட்டு "ஏதோ திருடிட்டான் தம்பி"ம்பாங்க. திருடல, அதான் இது.

இப்போ கெட்டதையும் நெனச்சுப் பாப்போம், ஆண்டவன் புண்ணியத்துல நடக்கக் கூடாது. அத்தான் மூணு வருசம் கட்டுதாரு, பாக்கி 12 லட்சம் நிக்கி, அந்த நேரத்துல தொழில் படுத்துருது. 90 நாள் தவணை வரலன்னா பேங்க் அத என்பிஏ, வாராக்கடன்னு எழுதிரும். நோட்டீஸ் வரும், மெஷின எடுத்துட்டுப் போவான், ஏன்னா மெஷின் லோன்ல வாங்குனது, அது எப்பவும் பேங்க் பேருல அடமானம்தான், பத்திரம் வேண்டாம்னா மெஷினும் வேண்டாம்னு அர்த்தம் கெடயாது. அப்புறம் பேங்க் டிரஸ்ட்கிட்ட போவும். 12 லட்சத்துல 75 சதவீதம்னா 9 லட்சம். அதையும் ஒரேயடியா குடுக்க மாட்டாங்க, மொதல்ல அதுல முக்காவாசி, 6 லட்சத்து 75 ஆயிரம் குடுப்பாங்க, மிச்ச 2 லட்சத்து 25 ஆயிரம் வசூல் நடவடிக்கையெல்லாம் முடிஞ்ச பொறவுதான். மீதி 3 லட்சம் பேங்கோட சொந்த நஷ்டம்.

அத்தான் கடன் எவ்வளவு? அதே 12 லட்சம். டிரஸ்ட் துட்டு குடுத்ததால ஒரு ரூவா கொறையல. டிரஸ்ட் பேங்குக்கு 9 லட்சம் குடுத்தாலும் பேங்க் அத்தான தொரத்துத வேலைய நிறுத்தாது, நிறுத்தவும் கூடாது, வசூலாகுத துட்டுல டிரஸ்டுக்கும் பங்கு இருக்கு. சிபில் ஸ்கோர் நாசமாப் போவும், அடுத்த லோன் எந்த பேங்க்லயும் பொறக்காது. வீடு மட்டும் தப்பிக்கும், நேரா அடமானத்துல இல்லேல்லா, அதுவே பெரிய விசயம்தான், பம்பாய் அத்தை வரைக்கும் பிரச்சின போவாது.

ஏன் 75, ஏன் 100 இல்லன்னு எங்க ஆபீஸ் தம்பி ஒருத்தன் கேட்டான். நூத்துக்கு நூறு கேரண்டின்னா பேங்க் மேனேஜர் எதுக்கு பேலன்ஸ் ஷீட்ட பொறட்டணும்? வந்தவனுக்கெல்லாம் அள்ளி வீசிட்டு டார்கெட் முடிச்சிட்டு டிரான்ஸ்ஃபர்ல போயிருவான். தன் துட்டும் அதுல கெடக்குன்னாதான் ஆள எட போடுவான், பட்டறைக்கு வந்து பாப்பான், மாசம் தவறுனா போன் போடுவான். அந்த 25 சதவீதம் பேங்குக்கு தண்டனையா வச்சது இல்ல, கண்ண தொறந்து வைக்கதுக்கு வச்சது.

நூறு சதவீதம் குடுத்துப் பாத்த நாடுகளும் உண்டு. ஜப்பான்ல 1998-ல பேங்கெல்லாம் தள்ளாடுன நேரத்துல அரசு சிறு தொழிலுக்கு முழு கேரண்டின்னு ஒரு ஸ்பெஷல் திட்டம் போட்டுச்சு, 30 லட்சம் கோடி யென் வரைக்கும் ஒதுக்குனாங்க. அது நெறய கம்பெனிய தூக்கி நிறுத்துனதும் உண்மை, எப்பவோ மூட வேண்டிய கம்பெனிங்கள டிரிப் ஏத்தி படுக்க வச்சிருந்ததுன்னு ஏச்சு வாங்குனதும் உண்மை. இங்கிலாந்துல 2020 கொரோனாவுல 50,000 பவுண்டு வரைக்கும் முழு கேரண்டி லோன், அவசரத்துல பெருசா எதையும் சரிபாக்கல, துட்ட வாங்குனதும் கம்பெனியக் கலைச்சிட்டுப் போன ஆளுங்களப் பிடிக்க அடுத்த வருசம் தனியா சட்டமே போட வேண்டியதாப் போச்சு.

நம்ம நாட்டுலயும் அதே கொரோனாவுல 2020 மே மாசம் ஒரு அவசரத் திட்டம் வந்துச்சு, இசிஎல்ஜிஎஸ்னு பேரு, நூறு சதவீத கேரண்டி, மொதல்ல 3 லட்சம் கோடி, போகப் போக 5 லட்சம் கோடி வரைக்கும் கூட்டுனாங்க. 2020 பிப்ரவரி 29 அன்னைக்கு பேங்க்ல எவ்வளவு பாக்கி இருந்துச்சோ அதுல 20 சதவீதம் கூடுதலா தருவாங்க, ஃபீஸ் கெடயாது, ஒரு வருசம் அசல் கட்ட வேண்டாம், பேங்க் வட்டி 9.25 சதவீதத்துக்கு மேல போவக் கூடாது. எங்க கிளையண்ட்ல ஒரு லாட்ஜ்காரரும் ஒரு பஸ் பாடி கட்டுதவரும் இதுலதான் மூச்சு விட்டாங்க, கண்ணால பாத்தேன், பொய் சொல்லக் கூடாது. ஆனா நல்லா பாருங்க, ஏற்கனவே லோன் இருந்தவனுக்குத்தான் கூடுதல் லோன். காருகுறிச்சியில மண்பானை செய்யுதவருக்கு, மேலப்பாளையத்துல வீட்டுல தையல் மெஷின் போட்டிருக்கவளுக்கு, பேங்க் வாசலையே மிதிக்காதவங்களுக்கு அதுல ஒண்ணும் இல்ல. 20 சதவீதம்னா எதுல 20 சதவீதம், பூச்சியத்துல 20 சதவீதம் பூச்சியம்தான்.

கேரண்டி உண்மையிலயே வேல செய்யுத எடம் எதுன்னு கேட்டா நான் கல்லிடைக்குறிச்சி மைனியத்தான் சொல்லுவேன். சொந்தக்காரி இல்ல, எல்லாரும் மைனின்னுதான் கூப்பிடுவோம். அப்பளம் போடுதாங்க. கல்லிடைக்குறிச்சி அப்பளம்னா தெரியாதவன் யாரு, தாமிரபரணித் தண்ணிதான் காரணம்னு ஊர்ல எல்லாரும் சொல்லுவாவ, எனக்கு என்னமோ உளுந்து மாவ இடிக்குத கையிலதான் இருக்குன்னு தோணும், அது கெடக்கட்டும். மைனி பேருல ஒரு சென்ட் எடம் கெடயாது. வீடு புருசன் பேருல, அவரு கையெழுத்து போட மாட்டேன்னு ஒரே பிடி, "அப்பளத்துக்கு எவனாவது வீட்ட அடமானம் வைப்பானா"ன்னு கேக்காரு. மாவு பிசையுத மெஷின், வட்டம் வெட்டுத மெஷின், ஒரு டிரையர், எல்லாம் சேர்த்து லோன் 8 லட்சம் வேணும். மழைக்காலத்துல வெயில் இல்லாம அப்பளம் காயாது, ஐப்பசி கார்த்திகையில மைனி வானத்தப் பாத்துட்டே ஒக்காந்திருப்பாங்க, டிரையர் இருந்தா அந்த ரெண்டு மாசமும் ஓடும்.

10 லட்சம் வரைக்கும் குறு சிறு தொழிலுக்கு சொத்து அடமானம் கேக்கக் கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் 2010-லயே சொல்லிட்டு. சொல்லிட்டு, சரி. கீழ பிராஞ்ச்ல ஒக்காந்திருக்கவன் பயப்படுதான், லோன் வாராம போனா மேலிடத்துல அவனத்தான் கூப்பிட்டு கேப்பான். அந்தப் பயத்துக்கு மருந்துதான் கேரண்டி. மைனிக்கு ரெண்டு பேங்க் ஏறி மூணாவது பேங்க்ல கெடச்சது, அங்க இருந்த மேனேஜர் ஒரு அம்மா, ஃபைல மூடிட்டு "சிஜிடில போட்டுருவோம், நாளைக்கு உத்யம் சர்டிபிகேட் எடுத்துட்டு வாங்க"ன்னு சொன்னாங்க (உத்யம்னா குறு சிறு தொழில்னு அரசுகிட்ட பண்ணுத பதிவு), அவ்ளோதான், மொத்தம் பத்து நிமிசம் ஆவல.

இது இல்லாட்டா மைனி எங்க போயிருப்பாங்க? கழுத்துல கெடக்கத வச்சிருப்பாங்க, அதுக்கு மேல வேணும்னா மீட்டர் வட்டி. நம்ம ஊருக்கு கந்துவட்டியப் பத்தி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்ல. 2003-ல சட்டம் போட்டாச்சு, அதுக்கப்புறமும் 2017 அக்டோபர்ல நெல்லை கலெக்டர் ஆபீஸ் வளாகத்துலயே ஒரு குடும்பம் தீ வச்சிக்கிட்டு செத்தத நம்ம எல்லாரும் டிவியில பாத்தோம். அந்தக் குடும்பம் தொழிலுக்கு வாங்குச்சா வீட்டுக்கு வாங்குச்சாங்கிறது வேற பேச்சு, பேங்க் கதவு சாத்துனா மக்கள் எந்தக் கதவத் தட்டுவாங்கங்கிறதுக்காகச் சொல்லுதேன்.

இனி எனக்கு இருக்குத கொறை.

மொத கொறை, கேரண்டி இல்லாட்டாலும் எப்படியும் குடுத்திருக்கப் போற லோனுக்கும் பேங்க் கேரண்டி போட்டுக்கிடுது. ஒருத்தரு இருவது வருசமா ஒழுங்கா கட்டுதாரு, அவருக்கு குடுக்க பேங்குக்கு பயமே கெடயாது, ஆனாலும் அந்த லோனையும் பதிவு பண்ணி ஃபீஸ அவரு தலையில கட்டிருவான். பேங்குக்கு நிம்மதி, துட்டு இவரோடது. புதுசா ஒரு ஆளுக்கு கதவு தொறந்துச்சாங்கிறதுதான் இந்தத் திட்டத்துக்கு சரியான அளவுகோல், எத்தன கோடிக்கு கேரண்டி குடுத்தாங்கங்கிறது இல்ல. பேப்பர்ல பின்னதுதான் வரும்.

ரெண்டாவது, இது நானே நேரா பட்டது. எங்க கிளையண்ட் ஒருத்தருக்கு ஒரு பேங்க்ல, பேரு வேண்டாம், 15 லட்சம் லோன், கேரண்டி ஃபீஸ் வருசா வருசம் எடுத்தாச்சு. ரெண்டு வருசம் கழிச்சு அவரு மகளுக்கு கல்யாணம், எடத்த விக்கணும், பத்திரத்த தேடுனா பேங்க்ல கெடக்கு. கேட்டா "அது சும்மா ஒரு சேஃப்டிக்கு வாங்கி வச்சது"ங்காங்க. கேரண்டி போட்ட பங்குக்கு சொத்தோ வெளியாள் ஜாமீனோ வாங்கக் கூடாதுங்கிறது விதி. 2018-ல ஹைபிரிட்னு ஒரு வழி கொண்டு வந்தாங்க, லோன்ல ஒரு பாகத்துக்கு சொத்து, சொத்து எட்டாத மிச்சத்துக்கு கேரண்டி, அது சரிதான், ஆனா அத சாங்ஷன் லெட்டர்ல எழுதணும். இவருக்கு அப்படி ஒரு வரியும் கெடயாது. நாலு லெட்டர் எழுதி, மண்டல ஆபீஸ் வரைக்கும் போயி, பத்திரம் கைக்கு வார நேரத்துல எடம் வாங்க வந்த பார்ட்டி வேற எடம் பாத்துட்டான். மனுசன் இன்னும் என்னப் பாத்தா அதத்தான் பேசுதாரு, எனக்கே ஒரு மாதிரி இருக்கும், அன்னைக்கு சாங்ஷன் லெட்டர நான் ஒழுங்கா படிச்சிருக்கணும்.

அதனால லெட்டர் கைக்கு வந்ததும் மூணு எடத்தப் பாருங்க. செக்யூரிட்டின்னு இருக்குத எடத்துல லோன்ல வாங்குத மெஷின், ஸ்டாக் தவிர வேற என்ன எழுதியிருக்கு, கேரண்டி ஃபீஸ் யாரு கட்டணும்னு எழுதியிருக்கு, கேரண்டி மொத்த லோனுக்கா ஒரு பங்குக்கா. லெட்டர்ல இல்லாத பேப்பர கேட்டா எழுத்துல கேளுங்கன்னு பணிவா சொல்லுங்க, சண்ட போட வேண்டாம், நாளைக்கும் அதே ஆளுகிட்டதான் சி.சி. லிமிட்ட, அதான் அன்றாடத் தொழில் செலவுக்கு எடுத்துக் கட்டுத கடன் வரம்ப, கூட்டிக் கேக்கப் போவணும்.

போவதுக்கு முன்னால உத்யம் பதிவு இருக்கணும், ஆன்லைன்ல ஆதார், பான் வச்சு நாமளே போடலாம், ஒத்த ரூவா செலவு கெடயாது, இதுக்கும் ஐநூறு ஆயிரம் வாங்குத ஆளு ஜங்ஷன்ல இருக்கான். வெவசாயக் கடன் இந்த டிரஸ்ட்ல வராது. 20 லட்சத்துக்கு உள்ள முத்ராங்கிற மத்திய அரசு சிறு கடன் திட்டத்துல போனா அதுக்கு கேரண்டி குடுக்கது வேற நிதி, ஆனா தத்துவம் ஒண்ணுதான். மானியம் வேற, கேரண்டி வேறங்கிறதையும் போட்டு கொழப்பிக்கிடாதீங்க, பிஎம்இஜிபிங்கிற சுயதொழில் மானியத் திட்டம் மாதிரி மாவட்ட தொழில் மையம் வழியா போறதுல மானியம் திருப்பிக் கட்ட வேண்டாம், கேரண்டி எதையும் தள்ளுபடி பண்ணாது. எங்கிட்ட வாரவங்கள்ல பாதிப் பேரு சிக்குதது இந்த எடத்துலதான்.

நடுத்தரத் தொழில் வச்சிருக்கவங்க என்ன செய்யன்னு கேக்கலாம், கங்கைகொண்டான் சிப்காட்ல ஷெட் போட்டிருக்குத பார்ட்டிங்க மாதிரி. மேல சொன்ன டிரஸ்ட் குறு, சிறு தொழிலுக்கு மட்டும்தான். 2025 ஏப்ரல்ல இருந்து கணக்கு என்னன்னா, முதலீடு 25 கோடிக்குள்ள, விற்பனை 100 கோடிக்குள்ள இருந்தா சிறு தொழில், அதத் தாண்டி முதலீடு 125 கோடி, விற்பனை 500 கோடி வரைக்கும் நடுத்தரம். அவங்களுக்கும் சேர்த்து 2025 ஜனவரியில ஒரு திட்டத்துக்கு அரசு ஒப்புதல் குடுத்தாங்க, மெஷினரி வாங்க 100 கோடி வரைக்கும் லோன், அதுல 60 சதவீதம் கேரண்டி. சதவீதம் கொறையுதத கவனிச்சீங்களா? ஆளு பெருசாக ஆக பேங்குக்கு அவனப் பத்தி தெரிஞ்சுக்கிட வழி அதிகம், அதனால அரசு தோள் குடுக்க வேண்டியதும் கொறைவு. அத்தான மாதிரி செவத்துல கணக்கு எழுதுதவனுக்குத்தான் தோள் அதிகம் வேணும்.

அத்தானுக்கு லோன் வந்துச்சு, சொல்ல மறந்துட்டேன். அதே மேனேஜர்தான், நாங்க எழுந்திரிச்சு வாசல் வரைக்கும் வந்த பொறவு "கேரண்டியில போட்டுப் பாப்போமா"ன்னு கூப்பிட்டாரு, அத மொதல்லயே சொல்லிருந்தா காப்பி நல்லா எறங்கிருக்கும். மெஷின் கோயம்புத்தூர்ல இருந்து லாரியில வந்து எறங்குன அன்னைக்கு அக்கா தேங்கா ஒடைச்சா, ஸ்கிரீன்ல சந்தனம் வச்சதுக்கு இன்ஸ்டால் பண்ண வந்த பையன் ஏசுனான். ஏழெட்டு மாசம் ஆயிருக்கும், ஒரு நாள் ராத்திரி ஒம்பதரைக்கு போன்.

"மாப்ளே, அக்கவுண்ட்ல பதினோராயிரத்து சொச்சம் எடுத்துருக்கான், என்னன்னே தெரியல. காலையில போயி சத்தம் போடுவோமா?"

"அத்தான், அது ஒங்களுக்காக பேங்குகிட்ட ஜாமீன் நிக்கவனுக்கு கூலி."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மெஷின் சத்தம் மட்டும் கேட்டுச்சு.

"நம்ம சித்தப்பா எனக்கு ஜாமீன் நின்னப்போ ஒரு வேட்டிதான் எடுத்துக் குடுத்தேன்"ன்னாரு. "சரி, அந்த ரைஸ் மில்காரருக்கு ஜிஎஸ்டி பில் போட்டியா?"